பல்லி சொன்ன சாட்சி

அத்தியாயம் 7

மணி பத்தரை ஆகிவிட்டது. மதியம் இரண்டு மணிக்கு ரேடியோ மெக்கானிக் நூர் பாஷாவை ஜீப்பில் ஏற்றி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். அங்கிருந்து நேரே சேலம் ஜெயில். அப்புறம் துப்பறியும் ஞானராஜ் தலைகீழாக நின்றாலும் மூன்று மாதத்துக்கு ஒன்றும் நடக்காது. இப்படிக் கழுத்தைப் பிடிக்கிற நேரத்தில் அந்த மனுஷர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? சூசைப்பட்டி மாதா கோயில் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு இரும்புக் குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அதுக்குள்ள குனிஞ்சவரைத்தான் நேத்து மண்ணுக்குள்ள வச்சாங்க. நீங்களும் போயிட்டா நான் மறுபடியும் பஸ்ல விசில் ஊதப் போவணும்" என்றான் முனிராஜ்.

முனிராஜ் எட்டு வருஷம் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முதலாளியின் மச்சானிடம் வாயைக் கொடுத்து வேலையைத் தொலைத்தவன். இரண்டு வருஷமாக ஞானராஜுக்கு அசிஸ்டெண்ட். வேலை மாறியதே தவிர வாய் மாறவில்லை. இன்று காலையில் தர்மபுரியிலிருந்து கிளம்பும்போது டிபன் சாப்பிட விடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாரே என்ற கடுப்பும் அவனுக்கு இருந்தது.

ஞானராஜ் குழாயை விட்டுவிட்டு அதன் அடியில் இருந்த காற்றுத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பழைய லாரி பிரேக்கிலிருந்து கழற்றிய தொட்டி. ஊர்க்காரர்கள் இந்த முழுச் சாமானுக்கும் பூப் பீரங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். மாரண்டஹள்ளி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்த மரியசூசை செய்தது. தொட்டியில் காற்றை அடைத்து, குழாயில் சாமந்திப் பூவைத் திணித்துவிட்டு, தூரத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் போதும். நடுவில் ஒரு வயர் கிடையாது. பூ தென்னை மர உயரத்துக்குப் போய்ச் சிதறிக் கீழே வரும். இந்த மாதக் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் திருவிழாவில் கொடி ஏறும்போது ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது மரியசூசையின் ஆசை. காற்று விஷயம் அவன் பார்த்தான். ரிமோட் விஷயம் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் நூர் பாஷா பார்த்தான்.

சனிக்கிழமை, நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். சாயங்காலம் நாலு மணிக்கு மரியசூசை குனிந்து ஒரு மரக் கட்டையால் பூவைக் குழாய்க்குள் இடித்துக்கொண்டிருந்தான். பீரங்கி வெடித்தது. கட்டை நெஞ்சில் பாய்ந்தது. அவனுக்கு வயது முப்பத்து நாலு.

ரிமோட் நூர் பாஷாவின் பையில் இருந்தது. முதல் நாள் டீக்கடையில் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததை நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். "இந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது, பாத்துக்க" என்று நூர் பாஷா சொல்லியிருக்கிறான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்ததும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதில்கூட முனிராஜுக்கு ஆச்சரியம் இல்லை. நூர் பாஷா தன் பக்கத்து நியாயத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் அவனுக்குப் புரியவே இல்லை. நேற்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்த அவன் மனைவி ரோஷன் பீயும் இதைச் சொல்லித்தான் அழுதாள். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியிருக்கிறாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தானாம். கொடுத்த சோற்றையும் தொடவில்லையாம்.

"தப்பு செஞ்சவன் ஆயிரம் பேசுவான் சார். என் பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் பேசுற பேச்சு இருக்கே, வக்கீல் தோத்தான். இந்த ஆளு ஏன் வாயைத் தொறக்க மாட்டேங்கறாரு?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே பட்டினியா வந்திருக்கோம்" என்றார் ஞானராஜ்.

கோயில்பிள்ளை சவரி வந்தார். மணி அடிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, முற்றம் கூட்டுவது எல்லாம் அவர் வேலை. அறுபது வயது. சனிக்கிழமை அந்த நேரத்தில் இங்கே இருந்த மூன்றாவது ஆள் அவர்தான். போலீசிடம் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். தான் கோயில் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தது, நூர் பாஷா படிக்கட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தது, படாரென்று சத்தம், ஓடிப் பார்த்தால் மரியசூசை மல்லாந்து கிடந்தது. மரியசூசைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தண்ணீர்ச் செம்பைப் பிடித்தவர் அவர்.

"அவன் சாவான்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. பல்லி சொல்லிச்சு."

முனிராஜுக்கு வாய் துறுதுறுத்தது. பல்லியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடலாமா என்று கேட்க வந்தவன், பெரியவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். ஆனால் ஞானராஜ் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பல்லி எப்ப சொல்லிச்சு? சத்தத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிங்க. அவன் உசுரு இழுத்துக்கிட்டு இருக்கறப்ப. விட்டு விட்டு, ஒரு பத்துப் பதினஞ்சு தரம் சொல்லியிருக்கும். இந்தப் பக்கம் இருந்துதான்."

அவர் கை காட்டிய இடத்தில் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. பீரங்கி மட்டும் இருந்தது.

"நூர் பாஷா அப்ப எங்க இருந்தாரு?"

"மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாருங்க. ரெண்டு கையையும் அவன் நெஞ்சுல வச்சு ரத்தத்தை நிறுத்தப் பாத்தாரு. இவன் வாயி ஏதோ முனகுச்சு, அவரு காதைக் கிட்ட வச்சுக் கேட்டாரு. அப்புறம் தலையைத் தூக்கி அந்தாண்ட ஒரு தரம் பாத்தாரு. பாத்துட்டு இந்த டப்பாவுல இருந்த வயரைப் புடுங்கிப் போட்டாரு. பல்லியும் நின்னு போச்சு."

பீரங்கியின் பக்கவாட்டில் ஒரு பிஸ்கட் டப்பா திருகப்பட்டிருந்தது. ரிமோட்டின் உத்தரவை வாங்கிக் காற்றைத் திறந்துவிடும் சாமான் அதற்குள்தான் இருந்தது. தடயத்தை அழிக்க வயரைப் பிடுங்கினான் என்று இன்ஸ்பெக்டர் அதையும் எழுதி வைத்திருந்தார். வயரில் காய்ந்த ரத்தம் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஞானராஜ் தொட்டியில் காற்று இல்லை என்பதை இன்னொரு தடவை உறுதி செய்துகொண்டு, அந்த வயரை எடுத்து பாட்டரியில் தொட்டார்.

டிக்.

மறுபடி தொட்டார். டிக். மறுபடி. டிக்.

சவரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதே பல்லிதான் என்றார். இரண்டு நாளாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த பல்லி இந்த டப்பாவுக்குள்தான் இருந்தது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"இப்ப புரியுதாடா முனிராஜ்? காத்தைத் தொறந்துவிடற மூடியோட சத்தம் இது, தொட்டி காலியா இருந்தாலும் டிக்குன்னும். ஒவ்வொரு டிக்கும் யாரோ பொத்தானை ஒரு தரம் அழுத்தினது. நூர் பாஷாவோட ரெண்டு கையும் மரியசூசை நெஞ்சு மேல இருந்த நேரத்துல."

"அப்ப இன்னொரு ரிமோட் இருக்குது."

"இருக்குது. இன்னொண்ணும் யோசி. கொல்ல நினைக்கிறவன் எத்தனை தரம் அழுத்துவான்?"

"ஒரு தரம். வேலை முடிஞ்சதும் ஓட்டம்தான்."

"ஆள் அடிபட்டு விழுந்த அப்புறமும் பத்து, பதினஞ்சு தரம் அழுத்தினது யாரு?"

ஞானராஜே சொன்னார். "தான் என்ன செஞ்சோம்னு தெரியாத யாரோ ஒருத்தர்."

டப்பாவின் மூடியைக் கழற்றினார்கள். உள்ளே பச்சைப் பலகையில் சின்னச் சின்னச் சாமான்கள். ஓரத்தில் ஜப்பான் எழுத்து. ஒரு திருகாணியைச் சுற்றி, உடைத்து எடுத்த சிவப்பு பிளாஸ்டிக் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முனிராஜ் அதை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஓசூர் பஸ்ஸில் துபாய்க்காரர்கள் கொண்டு வரும் அட்டைப் பெட்டிகளை ஆயிரம் தடவை மேலே ஏற்றி இறக்கியவன் அவன்.

"சார், இது விளையாட்டுக் காரு. ரிமோட்ல ஓடுற காரு. அதோட குடலை உருவி இதுக்குள்ள வச்சிருக்காங்க. காரு வாங்கினா ரிமோட்டும் கூடத்தான் வரும். அதுல அழுத்தினாலும் இது வேலை செய்யும். ஆக, அந்தக் காரு யாரோடதுன்னு தெரிஞ்சா ஆட்டம் முடிஞ்சுது."

அவனுக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. இந்த ஊரில் அப்படிப்பட்ட கார் யார் வீட்டில் இருக்கிறது என்று சவரியிடம் மிடுக்காகக் கேட்டான்.

"மரியசூசை வூட்லதாங்க. வேற யாரு வூட்ல இருக்குது? அவன் பொண்டாட்டி ராயம்மாளோட தம்பி குவைத்துல இருந்து அனுப்பிச்சது. அவங்க பொண்ணு வேளாங்கண்ணிக்கு. கண்ணி கண்ணின்னு கூப்பிடுவோம். ஆறு வயசு. மூளைக் காய்ச்சல்ல போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. அதா, அங்கதான் இருக்குது."

கோயில் முற்றத்தையும் கல்லறையையும் பிரிப்பது இடுப்பு உயரச் சுவர். அதற்கு அந்தாண்டை நாற்பது அடி தள்ளி ஒரு சின்னக் கல்லறை. சுண்ணாம்பு புதிதாக அடித்து, மேலே வாடிய சாமந்தி மாலை. பக்கத்திலேயே நேற்றுத் தோண்டிய ஈரமண் குவியல், அப்பனுக்கு.

ஞானராஜ் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். நூர் பாஷா தலையைத் தூக்கி எந்தப் பக்கம் பார்த்தான் என்று சவரியிடம் கேட்டார். பெரியவர் இதே பக்கம் கை காட்டினார். அதற்குப் பிறகு ஞானராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வழி முழுக்க முனிராஜ் பேசிக்கொண்டே வந்தான். கார் மரியசூசை வீட்டுக் கார். அப்படியானால் பழைய ரிமோட்டும் அந்த வீட்டில்தான். வீட்டில் இருப்பது பெண்டாட்டி ஒருத்திதான். குடும்பத்துக்குள் என்ன சண்டையோ, என்ன வயிற்றெரிச்சலோ. வெளியே தெரியாத விவகாரம் எந்த வீட்டில் இல்லை? பத்துத் தடவை அழுத்தினாள் என்றால் பத்துத் தடவைக்கான கோபம். இப்படி அவன் ஒரு முழுக் கதையே பின்னிவிட்டான். கேஸ் முடிந்தது, இரண்டு மணிக்குள் நூர் பாஷா வெளியே, மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் பரோட்டா என்று கணக்குப் போட்டான்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வா" என்றார் ஞானராஜ். அவர் இந்த இரண்டு வருஷத்தில் அவனிடம் அப்படிச் சொன்னதே இல்லை.

ஓட்டு வீடு. வாசலில் பஞ்சர் கடைப் பலகை சாத்தி வைத்திருந்தது. பக்கத்து வீட்டு சாலம்மாள் அடுப்பில் காப்பித் தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். ராயம்மாள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். அழுது முடித்த முகம். இரண்டு பேரையும் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். ஞானராஜ் வேண்டாம் என்று தடுத்து எதிரே தரையில் உட்கார்ந்தார். நூர் பாஷாவுக்காக வந்திருப்பதாக மறைக்காமல் சொன்னார்.

அவள் முகம் சுளிக்கவில்லை. "நூர் அண்ணன் செஞ்சிருக்காதுங்க. எங்கூட்டுக்காரரும் அதுவும் ஒரு தட்டுல சாப்பிட்டவங்க. போலீசு கிட்டயும் அதான் சொன்னேன். பொம்பள பேச்சை யாரு எழுதறாங்க?" என்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் எங்கே இருந்தாள் என்று ஞானராஜ் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

அவள் சொன்னாள். கல்லறைத் திருநாள் அன்று காலையில் சாமியார் வந்து எல்லாக் கல்லறைக்கும் தீர்த்தம் தெளிப்பார். ஊரே கூடும். செத்தவங்களுக்குப் பிடிச்சதைக் கொண்டு போய் வைப்பார்கள். ஒருத்தர் முறுக்கு வைப்பார், ஒருத்தர் வெற்றிலை வைப்பார், சிலர் சாராயம்கூட வைப்பார்கள். கண்ணிக்குப் பிடித்தது அந்தக் கார்தான். கூட்டத்துக்கு நடுவில் அதை ஓட்டினால் சிரிப்பார்கள் என்று, எல்லாரும் போன அப்புறம் சாயங்காலமாகத்தான் அவள் எடுத்துக்கொண்டு போவாள். போன வருஷம் கார் கல்லறையைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அரை மணி நேரம் ஓட்டினாள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் காரை வெளியே எடுப்பாள். மற்ற நாளெல்லாம் அது கண்ணியின் உடுப்போடு பெட்டிக்குள் கிடக்கும்.

"இந்த வருசம் அவரையும் கூப்பிட்டேங்க. நீ போ, நான் அப்புறம் வர்றேன்னாரு. மூஞ்சி குடுத்தே பேசல. நான் மட்டும்தான் போனேன். புதுப் பாட்டரி கூட நானே மாரண்டஹள்ளி போயி வாங்கியாந்து ரிமோட்டுல போட்டேன். ஓடவே இல்லைங்க. மொத தரம் அழுத்தறேன், காரு அசையல. அப்பத்தான் கோயிலாண்ட படார்னு கேட்டுச்சு. இவரு பீரங்கியை விட்டுப் பாக்கறாரு போலன்னு நினைச்சேன். பூவு இந்தாண்ட பறந்து வந்து விழும், கண்ணி மேலயும் ரெண்டு விழும்னு அண்ணாந்து பாத்தேன். ஒண்ணும் வரல. மறுபடியும் அழுத்திக்கிட்டே இருந்தேன். புள்ளைக்கு நம்ம மேல என்னமோ கோவம், அதான் ஓட்ட மாட்டேங்கறான்னு எனக்கு அழுகை வந்துடுச்சுங்க."

முனிராஜ் வழியெல்லாம் பின்னிக்கொண்டு வந்த கதை மொத்தமும் அந்த ஒரு பேச்சில் பொடிப்பொடியாகிவிட்டது. சாலம்மாள் நீட்டிய காப்பித் தண்ணியை வாங்கினான். குடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"எத்தனை தரம்மா அழுத்தியிருப்பீங்க?" என்று ஞானராஜ் கேட்டார். கேட்டவுடனே கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து, கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ரோட்டோரப் புளிய மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். மணி பதினொன்றே முக்கால்.

"மரியசூசைக்குக் காத்துதான் தெரியும், கரண்டு தெரியாது. பழைய ரிமோட் அழுத்தினாலும் பீரங்கி வெடிக்கும்னு அவருக்குத் தோணவே இல்லை. பொண்டாட்டிக்குத் தெரியாம காரை எடுத்தாரு. நூர் பாஷா பழைய ரிமோட் எங்கேன்னு கேட்டிருப்பான். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லியிருப்பாரு. பெட்டிக்குள்ள புள்ள துணியோட பொண்டாட்டி வச்சிருக்கான்னு எந்த வாயால சொல்றது?" ஞானராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்த புள்ளையோட சாமானைத் திருடாதேன்னுதான் டீக்கடையில சண்டை. அதைத்தான் போலீஸ் கொலை மிரட்டல்னு எழுதி வச்சிருக்கு."

"நூர் பாஷாவுக்கு எல்லாம் தெரியும், இல்லையா சார்?"

"முதல் டிக்குலயே தெரிஞ்சிருக்கும். ரேடியோ மெக்கானிக் ஆச்சே. தலையைத் தூக்கிப் பாத்தான். குட்டைச் சுவருக்கு அந்தாண்ட அவ புள்ள கல்லறையைப் பாத்துக்கிட்டு, ரிமோட்டும் கையுமா நின்னுக்கிட்டிருந்தா. வயரைப் புடுங்கிப் போட்டான். அதுல இருந்து வாயைத் தொறக்கல. தொறந்தா அவ பேரைச் சொல்லணும்."

முனிராஜ் கொஞ்ச நேரம் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். ஜோக்கடிக்க அவனுக்கு எப்போதும் ஏதாவது கிடைக்கும். சவ வண்டிக்குப் பின்னால் போகும்போதுகூட அவனுக்குக் கிடைத்திருக்கிறது. இன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

"பொய் சொல்லிடலாம் சார். ரோட்ல போன லாரியில ஏதோ வயர்லெஸ் இருந்துச்சு, அதுல மாட்டி வெடிச்சுதுன்னு சொல்லிடலாம். நானே சாட்சி சொல்றேன். இந்தம்மா புள்ளையைத் தூக்கிக் குடுத்தாங்க, புருஷனைத் தூக்கிக் குடுத்தாங்க. இதையும் அவங்க தலையில வைக்கணுமா?"

"எந்த லாரி, நம்பர் என்னன்னு இன்ஸ்பெக்டர் கேப்பாரு. அவரு முட்டாள் இல்லை." ஞானராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அங்க ஒரு பொம்பள கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்குது முனிராஜ். அது புருஷன் ஒரு தப்பும் செய்யல. இவளைக் காப்பாத்தினா அவ போயிடுவா. அவளைக் காப்பாத்தினா இவ போயிடுவா. இதுல நான் எதைச் செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

இத்தனை நாளில் அவர் தெரியல என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மதிய பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் நின்றார்கள்.

வீட்டுப் படியில் சத்தம் கேட்டது. ராயம்மாள் வந்துகொண்டிருந்தாள். கையில் சிவப்புக் கார். அதன் அடித்தகட்டைக் கழற்றியிருந்தாள். உள்ளே மோட்டாரும் இல்லை, ஒன்றும் இல்லை. எடை குறைந்தது தெரியாமல் இருக்க ஒரு கூழாங்கல்லைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருந்தான் மரியசூசை. அந்தத் துணி அவனுடைய பழைய சட்டைத் துணி.

"எத்தனை தரம் அழுத்துனேன்னு ஏன் கேட்டீங்க?"

ஞானராஜ் அவள் கையிலிருந்த காரைப் பார்த்தார்.

"காரு ஓடலேன்னுதான் நான் சொன்னேன். யாராயிருந்தாலும் ஏன் ஓடலேன்னுதானே கேப்பாங்க. நீங்க எத்தனை தரம்னு கேட்டீங்க. போயிப் பிரிச்சுப் பாத்தேன். இதுக்குள்ள இருந்தது எங்கீங்க இருக்குது?"

முனிராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஞானராஜ் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இது தெரியாமல் நடந்தது, சட்டம் உங்களை ஒன்றும் செய்யாது என்றும் சொன்னார்.

"சட்டத்தை யாருங்க கேட்டா?" என்றாள் ராயம்மாள். அப்படியே புளிய மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். காரை மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் வராமல் உடம்பு மட்டும் குலுங்கியது. சாலம்மாள் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். என்ன ஆயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. பாவம், அவளும் சேர்ந்து அழுதாள்.

பஸ் வரும் சத்தம் கேட்டதும் ராயம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வீட்டுக்குள் போய் ரிமோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஞானராஜ் நாளைக்கு வரலாம் என்று இழுத்தார். அவள் அவரைக் கேட்காமலே ஏறிவிட்டாள். மாரண்டஹள்ளி வரை முனிராஜ் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தான். எட்டு வருஷம் இதே ரோட்டில் வாய் ஓயாமல் கத்தியவன் அன்று ஒரு நிறுத்தத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

ஸ்டேஷனில் ஜீப் தயாராக நின்றது. மணி ஒன்றரை. ரோஷன் பீ வேப்ப மரத்தடியில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ராயம்மாளைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று தெரியாமல் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ராயம்மாள் அவள் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் எரிந்து விழுந்தார். ஞானராஜ் பீரங்கியிலிருந்து கழற்றிப் பையில் கொண்டு வந்திருந்த டப்பாவை மேஜைமேல் வைத்து, வயரைச் சேர்த்து, ராயம்மாளிடமிருந்து ரிமோட்டை வாங்கி ஒரு தடவை அழுத்தினார். டிக் என்றது. சவரி கேட்ட பல்லியைப் பற்றியும், நூர் பாஷாவின் இரண்டு கைகளைப் பற்றியும் சொன்னார். இன்ஸ்பெக்டர் ரிமோட்டைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். லாக்கப்பைத் திறக்கச் சொன்னார். அவளிடம் உட்காரம்மா என்றார். அவள் உட்காரவில்லை.

நூர் பாஷா வெளியே வந்தான். இரண்டு நாள் தாடி. சட்டையில் சிநேகிதனின் ரத்தம் இன்னும் இருந்தது. மேஜைமேல் இருந்த ரிமோட்டைப் பார்த்தான். பிறகுதான் அவளைப் பார்த்தான். நேற்றிலிருந்து அடிக்கும் மிரட்டலுக்கும் வாய் திறக்காதவன் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"ஏம்மா வந்தே? உன்னை யாரு வரச் சொன்னது?"

"நீங்க ஏண்ணா சொல்லல?"

"அவன் சொல்லாதேன்னு சொன்னாம்மா. அந்தச் சத்தம் அவன் காதுலயும் கேட்டுச்சு. அது என்ன, ஏது, நூருன்னு கேட்டான். நான் அந்தாண்ட பாத்தேன். அவனுக்கும் புரிஞ்சு போச்சு. காரை நான்தான்டா எடுத்தேன், தப்பு என் மேல, அவளுக்கு மட்டும் தெரிய வேணாம்னான். அதுக்கப்புறம் அவன் பேசல. அவன் கடைசியா கேட்டது இது ஒண்ணுதான் தங்கச்சி. இதைக்கூட நான் காப்பாத்தலேன்னா எப்படி?"

எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். முனிராஜ் சுவரைப் பார்த்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ராயம்மாள் நூர் பாஷாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவன் தலையில் அடித்துக்கொண்ட கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவரு சாவறப்பவும் என்னைத்தான் நினைச்சாரா அண்ணா?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப எனக்கு அது போதும். நீங்க எழுந்திருங்க. வெளிய ரோஷன் பீ வெயில்ல நிக்குது."